கேமரா பார்த்ததை ரெக்கார்டர் ஏன் தவறவிட்டது?

என் பெரியம்மா மகன் மதுரையில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்தார். முந்தின நாள் இரவு கடைக்கு வந்த ஒருவர் வாசலில் நிறுத்தியிருந்த பைக்கைக் காணவில்லை. வாசலில் கேமரா இருக்கிறது, பதிவும் இருக்கிறது, ஆனால் பார்க்க வேண்டிய இடத்தில் படம் இல்லை என்றார்.

போய்ப் பார்த்தேன். மணி 7:42. ஒருவர் தெருவிலிருந்து நடந்து வருகிறார். தகரக் கூரை, சுவரில் ஒட்டிய போஸ்டர், பைக்கின் பச்சை டேங்க் எல்லாம் துல்லியமாகத் தெரிகின்றன. வண்டியில் ஏறுகிறார், ஸ்டார்ட் செய்கிறார், திருப்புகிறார். அவர் முகம் கேமராவுக்கு நேராக வரும் நேரத்தில் படம் முழுக்கச் சாம்பல் பூசியதுபோல் ஆகிவிட்டது. அந்தச் சாம்பலுக்குள் ஒரு தலை, ஒரு தோள், அவற்றின் விளிம்பு மட்டும் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் நெளிகிறது. சரியாக 4 நொடி. பிறகு சட்டென்று படம் தெளிகிறது. தகரக் கூரை, போஸ்டர், தெருமுனையில் மறையும் சிவப்பு விளக்கு.

“கேமரா போயிருச்சா தம்பி? புதுசு வாங்கணுமா?” என்றார் அண்ணன்.

கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது அந்த முகத்தைப் பார்த்தது. பார்த்ததைச் சுருக்கி அனுப்பவும் செய்தது. கேமராவுக்கும் ரெக்கார்டருக்கும் நடுவே எங்கோ ஒரு துளித் தகவல் விழுந்துவிட்டது. ஒரு துளி போனதற்கு எப்படி 4 நொடி முழுவதும் நாசமாகும்? அதைப் புரிந்துகொள்ள, படம் எப்படிச் சுருங்குகிறது, எப்படிப் பயணம் செய்கிறது என்று இரண்டையும் தெரிந்துகொள்ள வேண்டும். பொதுவாக இவற்றைத் தனித்தனிப் பாடமாகத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் கோளாறு வருவது இரண்டும் சந்திக்கும் இடத்தில். அதனால் ஒன்றாகவே பார்ப்போம்.

சுருக்காமல் அனுப்பினால்?

ஒரு சாதாரண 1080பி கேமராவின் படத்தில் அகலவாட்டில் 1920 பிக்சல், உயரவாட்டில் 1080. மொத்தம் 20,73,600. ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். எண்ணுக்கு 8 பிட் வீதம் 24 பிட். நொடிக்கு 25 படம். எல்லாவற்றையும் பெருக்கினால் நொடிக்குச் சுமார் 124 கோடி பிட், அதாவது 1,244 எம்பிபிஎஸ் (ஒரு எம்பிபிஎஸ் என்பது நொடிக்குப் பத்து லட்சம் பிட்).

பெரும்பாலான கேமராக்களின் பின்னால் உள்ள நெட்வொர்க் போர்ட்டின் வேகம் 100 எம்பிபிஎஸ்தான். போர்ட் தாங்கினாலும் ஹார்டு டிஸ்க் தாங்காது: ஒரே ஒரு கேமரா 1 டிபி டிஸ்க்கை 1 மணி 47 நிமிடத்தில் நிரப்பிவிடும். ஆனால் அண்ணன் கடைக் கேமரா அனுப்புவது வெறும் 4 எம்பிபிஎஸ். முந்நூறில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. மீதி எல்லாவற்றையும் கேமரா தன் உள்ளேயே கழித்துவிட்டு, திரும்பக் கட்டியெழுப்பத் தேவையான குறிப்பை மட்டும் அனுப்புகிறது.

ஒரே படத்துக்குள் நடக்கும் கழிவு

முதலில் கண்ணின் பலவீனத்தைப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். நம் கண் வெளிச்ச வேறுபாட்டைக் கூர்மையாகப் பார்க்கும். நிற வேறுபாட்டை அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்காது. எனவே வெளிச்சத்தை ஒவ்வொரு பிக்சலுக்கும் வைத்துக்கொண்டு, நிறத்தை நான்கு பிக்சலுக்கு ஒருமுறை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். 24 பிட் சராசரியாக 12 பிட் ஆகிறது. பாதி அங்கேயே குறைந்துவிட்டது, யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

அப்புறம் படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டுகிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் இருக்கும் பிக்சல் மதிப்புகளை, ‘இந்தக் கட்டம் மொத்தத்தில் எவ்வளவு வெளிச்சம், இடமிருந்து வலமாக எவ்வளவு மாறுகிறது, எவ்வளவு பொடிப்பொடியான கோடுகள் இருக்கின்றன’ என்று அலைகளின் கூட்டாக மாற்றி எழுதுகிறார்கள். இந்தக் கணக்குக்கு டிசிடி என்று பெயர். இப்படி எழுதினால், வெறும் சுவர், வானம், தரை மாதிரியான இடங்களில் பெரும்பாலான எண்கள் பூஜ்யத்தை ஒட்டி வந்துவிடும். பூஜ்யங்களை அனுப்ப மிகக் கொஞ்சம் இடமே போதும்.

டிசிடியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 1974 ஜனவரியில் அதை வெளியிட்ட கட்டுரையில் மூன்று பெயர்கள்: நாசிர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ். நாசிர் அகமது பெங்களூரில் பிறந்தவர். கே. ஆர். ராவ் சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். இதை ஆராய நாசிர் அகமது 1972இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார், கிடைக்கவில்லை. இன்று நீங்கள் போனில் பார்க்கும் ஜேபெக் படமும், தெருமுனைக் கேமராவின் வீடியோவும் அந்தக் கணக்கின் வழிவந்தவை. கண்காணிப்பு கேமரா விற்கும் கடைகள் நிறைந்த நம் ஊர்களில் இந்தப் பெயர்கள் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

டிசிடி எதையும் தூக்கி எறிவதில்லை, மாற்றி எழுதுகிறது, அவ்வளவே. எறிவது அடுத்த படியில் நடக்கிறது. வந்த எண்களை ஒரு குறிப்பிட்ட எண்ணால் வகுத்து, முழு எண்ணாக்கி, மீதியை விட்டுவிடுகிறார்கள். மளிகைக் கடையில் 99 ரூபாய் 60 காசை நூறு என்று சொல்வதுபோல. வகுக்கும் எண் பெரிதாகப் பெரிதாக அதிகம் தொலையும், முதலில் தொலைவது பொடிக் கோடுகள். முகத்தில் என்றால் கண் ஓரம், மூக்கின் விளிம்பு. நம்பர் பிளேட்டில் என்றால் 8க்கும் 3க்கும் உள்ள வித்தியாசம்.

இப்படித் தொலைந்தது திரும்ப வராது. சினிமாவில் போலீஸ்காரர் “ஜூம் பண்ணு, இன்னும் ஜூம் பண்ணு” என்பார், முகம் தெளிந்துகொண்டே வரும். நிஜத்தில் பெரிதாக்கினால் கட்டங்கள்தான் பெரிதாகும். அறிமுகமில்லாத ஒருவரை அடையாளம் காண, அவர் நிற்கும் இடத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும் என்பது இந்தத் துறையின் ஐரோப்பியத் தரநிலை 2015இல் தந்த அளவு. 1920 பிக்சல் கேமரா அந்தக் கணக்கில் 7.7 மீட்டர் அகலத்தைத்தான் காக்கும். தெரு முழுவதும் தெரிகிற மாதிரி கேமராவை வைத்துவிட்டு முகம் தெரியவில்லை என்று வருந்துபவர்கள் அதிகம்.

மேற்படி, மேற்படி, மேற்படி

பெரிய மிச்சம் இனிமேல்தான். கடை வாசல் கேமராவை நினைத்துப் பாருங்கள். ஒரு நொடியின் 25 படங்களிலும் அதே சுவர், அதே கூரை. ஒவ்வொன்றையும் முழுதாக அனுப்புவானேன்?

பத்திரம் எழுதுபவர்களிடம் இதற்கு அழகான வழி இருக்கிறது. முதல் பக்கத்தில் பெயர், தகப்பனார் பெயர், சர்வே எண், நான்கு எல்லை எல்லாவற்றையும் விரிவாக எழுதிவிடுவார்கள். அதன் பிறகு ‘மேற்படி நபர்’, ‘மேற்படி சொத்து’ என்றே போகும். வீடியோவும் அப்படியே. முழுதாக அனுப்பும் படம் ஐ ஃபிரேம். அதற்குப் பின் வருபவை பி (P) ஃபிரேம்கள்: ‘மேற்படி படமே, இந்தக் கட்டம் மட்டும் நான்கு பிக்சல் வலப்பக்கம் நகர்ந்திருக்கிறது, இந்த இடத்தில் இவ்வளவு வித்தியாசம்’. ஆள் நடமாட்டம் இல்லாத வாசலில் பி ஃபிரேம் மிகச் சிறிதாக இருக்கும். ஐ ஃபிரேம் அதைப்போலப் பல மடங்கு பெரிது. முன்னும் பின்னும் உள்ள இரண்டு பக்கப் படங்களையும் பார்த்து எழுதும் இன்னொரு வகை (B) ஃபிரேமும் உண்டு. பின்னால் வரப்போகும் படத்துக்காகக் காத்திருக்க வேண்டும் என்பதால் நேரலை கேமராக்களில் அதைப் பெரும்பாலும் பயன்படுத்துவதில்லை. அதை விட்டுவிடலாம்.

ஒரு ஐ ஃபிரேமும் அடுத்த ஐ ஃபிரேம் வரை வரும் பி ஃபிரேம்களும் சேர்ந்தது ஒரு ஜிஓபி. கேமராவின் அமைப்புப் பக்கத்தில் ‘ஐ ஃபிரேம் இன்டர்வல்’ என்று ஓர் எண் இருக்கும். 50 என்றால், நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும் கேமராவில் 2 நொடிக்கு ஒரு முழுப் படம். எண்ணைக் கூட்டினால் ‘மேற்படி’ அதிகம், இடம் மிச்சம்.

இந்த வழியில் சுருக்கும் முறைகளில் இன்று கேமராக்களில் அதிகம் இருப்பவை இரண்டு: 2003இல் வந்த ஹெச்.264, 2013இல் வந்த ஹெச்.265. புதியது அதே தரத்தை ஏறக்குறைய பாதி பிட்ரேட்டில், அதாவது நொடிக்கு அனுப்பும் பிட்டுகளில் பாதியில், தர முயல்கிறது. அதற்காகக் கேமராவும், படத்தைத் திறந்து காட்டும் கருவியும் அதிகம் உழைக்க வேண்டும். இவற்றுக்கு முன்பு இருந்த எம்ஜேபெக்கில் மேற்படியே கிடையாது, ஒவ்வொரு படமும் தனி ஜேபெக். இடத்தைத் தின்னும், ஆனால் ஒரு படம் கெட்டால் அந்த ஒன்று மட்டும்தான் கெடும்.

பத்திரத்தின் முதல் பக்கம் கிழிந்துபோனால் மீதிப் பக்கங்களின் ‘மேற்படி’ எல்லாம் யாரைச் சொல்கிறது? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

படம் பயணப்படுகிறது

நெட்வொர்க்கில் எதுவும் முழுதாகப் போகாது, பாக்கெட் பாக்கெட்டாகத்தான் போகும். ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட்டுக்கு வழக்கமான உச்ச அளவு 1500 பைட் (ஒரு பைட் 8 பிட்). அதில் ஐபி முகவரிப் பகுதிக்கு 20, யுடிபிக்கு 8, ஆர்டிபிக்கு 12 போனால் (இவை என்ன என்று கீழே பார்ப்போம்) மிச்சம் 1460 பைட்தான் படத்துக்கு. ஒரு ஐ ஃபிரேம் 1 லட்சம் பைட் என்று வைத்துக்கொண்டால், அது 69 துண்டாகப் பிரிந்து கிளம்புகிறது.

துண்டுகளைக் கொண்டு சேர்க்க இரண்டு நெறிமுறைகள் இருக்கின்றன: டிசிபி, யுடிபி.

சின்ன வயதில் பாட்டி கதை சொல்லும்போது நாம் ‘ம்’ கொட்ட வேண்டும். ‘ம்’ வராவிட்டால் பாட்டி நிறுத்திவிடுவார். “தூங்கிட்டியா? ராஜா காட்டுக்குப் போனான்னு சொன்னேன்ல?” என்று விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்குவார். டிசிபி அந்தப் பாட்டி. ஒவ்வொரு பகுதிக்கும் பெறுபவர் ‘ம்’ சொல்ல வேண்டும். வராவிட்டால் அதே பகுதியைத் திரும்ப அனுப்பும். வரிசை மாறாமல், ஒன்றும் விடுபடாமல் சேர்க்கும். ஆனால் நடுவில் ஒரு துண்டு தொலைந்தால், அது மறுபடி வந்து சேரும்வரை பின்னால் வந்த எல்லாத் துண்டுகளும் வாசலிலேயே காத்திருக்கும்.

யுடிபி திருவிழாவின் ஒலிபெருக்கி. “மேலூரிலிருந்து வந்த அம்மா, உங்கள் மகன் காவல் உதவி மையத்தில் இருக்கிறான்.” சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். கேட்டதா கேட்கவில்லையா என்று யாரும் விசாரிப்பதில்லை. வேகம் உண்டு, தாமதம் இல்லை, உத்தரவாதமும் இல்லை.

அமெரிக்கக் கணினி அறிஞர்கள் வின்ட் செர்ஃபும் பாப் கானும் டிசிபியை விளக்கிய கட்டுரையை வெளியிட்டது 1974 மே மாதம். டிசிடி கட்டுரை வந்த அதே ஆண்டு. இரண்டும் நாலு மாத இடைவெளியில் வெளியாகி, பல ஆண்டு கழித்து ஒரே கேமராவுக்குள் சந்தித்தன என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். தொடக்கத்தில் டிசிபி ஒன்றே போதும் என்றுதான் எண்ணினார்கள். நெட்வொர்க் வழியே பேச்சை அனுப்பிப் பார்த்தவர்கள் அதை மறுத்தார்கள்: தொலைந்த ஓர் அசையைத் திரும்பப் பெறக் காத்திருப்பதைவிட அதை விட்டுவிட்டுப் பேச்சைத் தொடர்வதே மேல். அந்தத் தேவையிலிருந்து பிறந்து, 1980இல் மூன்று பக்க ஆவணமாக வெளிவந்தது யுடிபி.

யுடிபி வரிசை பார்க்காது என்பதால் அதன் மேல் ஆர்டிபி என்று ஓர் உறை போடுகிறார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் வரிசை எண்ணும் நேரக் குறிப்பும் இதில் இருக்கும். 412க்குப் பிறகு 414 வந்தால், 413 தொலைந்தது என்று பெறுபவருக்குத் தெரியும். திரும்பக் கேட்க மட்டும் வழக்கமாக வழி இருக்காது. இவை எல்லாவற்றுக்கும் மேலே, டிவி ரிமோட் போல நிற்பது ஆர்டிஎஸ்பி. 1998இல் தரப்படுத்தப்பட்டது, வழக்கமான போர்ட் 554. ‘உன்னிடம் என்ன படம் இருக்கிறது சொல்’, ‘இந்த வழியில் அனுப்பத் தயாராகு’, ‘ஓட்டு’, ‘முடித்துக்கொள்’ என்று ரெக்கார்டர் கேமராவிடம் பேசுவது இந்த மொழியில். படத்தைச் சுமப்பது ஆர்டிஎஸ்பி அன்று, ஆர்டிபி. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

குழப்பம் எங்கே கடிக்கும் என்றால்: பாஸ்வேர்டு சரி, கேமரா ‘கனெக்டட்’ என்று காட்டும், ஆனால் திரை கறுப்பு. ஆர்டிஎஸ்பி பேச்சு டிசிபி வழியே போய்ச் சேர்ந்துவிட்டது. படம் வர வேண்டிய யுடிபி வழியை நடுவில் இருக்கும் ரவுட்டரோ ஃபயர்வாலோ அடைத்திருக்கிறது. அதற்கு மருந்து, படத்தையும் அதே டிசிபி இணைப்புக்குள்ளேயே வரச் சொல்வது. ரெக்கார்டரின் கேமரா பட்டியலில் ‘டிரான்ஸ்போர்ட் புரோட்டோகால்’ என்ற இடத்தில் டிசிபியைத் தேர்ந்தெடுக்கலாம். வீடியோ பார்க்கும் மென்பொருளான விஎல்சியிலும் இதற்கு ஒரு தேர்வு இருக்கிறது.

போன் ஆப்பும் பிரவுசரும் வேறு கதை. பிரவுசர் ஆர்டிஎஸ்பியை நேரடியாகத் திறக்காது. வெப்ஆர்டிசி, ஹெச்எல்எஸ் போன்ற வேறு வழிகளில் படத்தை மாற்றிக் கொடுக்கிறார்கள். ஹெச்எல்எஸ் படத்தைச் சில நொடித் துண்டுக் கோப்புகளாக வெட்டி அனுப்புவதால் அதில் நேரலை சில நொடி பின்தங்கியே தெரியும்.

போனில் பார்க்க வேண்டும் என்பதற்காக 554 போர்ட்டை ரவுட்டரில் இணையத்துக்குத் திறந்து வைக்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சாதாரண ஆர்டிஎஸ்பியில் படம் மறைகுறி இல்லாமல் திறந்தபடிதான் போகிறது. தொழிற்சாலை பாஸ்வேர்டும் மாறாமல் இருந்தால் உங்கள் வீட்டு ஹாலை யாரும் பார்க்கலாம்.

அந்த 4 நொடி

இப்போது அண்ணன் கடைக்குத் திரும்புவோம். வாசல் கேமராவுக்குக் கேபிள் இழுக்கவில்லை, வைஃபை. மாலை ஏழு மணிக்குத் தெருவில் எல்லா வீட்டு வைஃபையும் ஒரே நேரத்தில் இரைச்சலிடும். ரெக்கார்டரில் டிரான்ஸ்போர்ட் யுடிபி. ஐ ஃபிரேம் இன்டர்வல் 100; நொடிக்கு 25 ஃபிரேமில் அது 4 நொடி. 7:42க்கு ஒரு புதிய ஐ ஃபிரேம் கிளம்பி, அதன் துண்டுகளில் சில வைஃபையில் தொலைந்தன. முதல் பக்கம் கிழிந்துவிட்டது. பின்னால் வந்த 99 ஃபிரேமும் ‘மேற்படி சுவர், மேற்படி கூரை, மேற்படி முகம்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தன. எந்தச் சுவர், எந்த முகம் என்று ரெக்கார்டருக்குத் தெரியவில்லை. அசைவுக் குறிப்பு மட்டும் கையில் இருந்ததால், சாம்பல் தாளின் மேல் விளிம்பை மட்டும் நகர்த்திக் காட்டியது. ரெக்கார்டர் தனக்கு வந்ததைத்தான் எழுதிவைக்கும். எனவே அந்த முகம் இனி எங்கும் இல்லை.

ஒரு சின்னக் கணக்கு இதைத் தெளிவாக்கும். 4 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு ஏறத்தாழ 342 பாக்கெட். ஆயிரத்துக்கு ஒன்று தொலைகிறது என்று வையுங்கள். கேட்கும்போது ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். 4 நொடி ஜிஓபியில் 1,370 பாக்கெட். இழப்பு சீராகச் சிதறி விழுந்தால், நான்கு ஜிஓபியில் மூன்றில் ஏதோ ஓர் இடம் பழுதாகும், பழுது அடுத்த ஐ ஃபிரேம் வரை நீடிக்கும். அதே இழப்பு, 1 நொடி ஜிஓபி என்றால் பழுதாவது பத்தில் மூன்றுதான், அதுவும் ஒரு நொடிக்குள் சரியாகிவிடும்.

“இடம் மிச்சமாகும்னு இந்த நம்பரை ஏத்தி வெச்சாங்க” என்றார் அண்ணன். மிச்சமானது உண்மைதான். அந்த மிச்சமும் யுடிபியும் வைஃபையும் ஒரே கேமராவில் சேரக் கூடாது, அவ்வளவே. அசைவில்லாத நேரத்தில் ஐ ஃபிரேம் இடைவெளியைத் தானாகவே நீட்டும் ‘ஸ்மார்ட்’ சுருக்க முறைகள் இப்போது பல கேமராக்களில் உண்டு. அவற்றை இயக்கும்போதும் இதே எச்சரிக்கை தேவை.

என் தேர்வு எளியது. பதிவுக்கு டிசிபி. ஒரு நொடி தாமதமாக வந்தாலும் பரவாயில்லை, முழுதாக வரட்டும். கேமராவை ரிமோட்டில் திருப்பிக்கொண்டே ஆளைப் பின்தொடர வேண்டிய நேரலைக்கு யுடிபி. அங்கே பழைய படம் முழுதாக வருவதைவிடப் புதிய படம் குறையோடு வருவது மேல். நல்ல கேபிளும் ஸ்விட்சும் உள்ள இடத்தில் இழப்பே அநேகமாக இராது, எதை வைத்தாலும் ஒன்றுதான். டிசிபியும் மந்திரம் இல்லை: இணைப்பின் வேகமே பிட்ரேட்டைவிடக் குறைவாக இருந்தால் தாமதம் சேர்ந்துகொண்டே போய், கடைசியில் கேமரா சில ஃபிரேம்களை அனுப்பாமல் விட்டுவிடும். அதற்குக் கேபிள்தான் மருந்து. 100 மீட்டர் வரை ஒரே இழுப்பில் இழுக்கலாம், அதற்கேற்ற கேமராவும் ஸ்விட்சும் இருந்தால் மின்சாரமும் அதிலேயே போகும்.

எத்தனை நாள் இருக்கும்?

ஒரு பெருக்கல் போதும்: எம்பிபிஎஸ் எண்ணை 10.8ஆல் பெருக்கினால் ஒரு கேமராவுக்கு ஒரு நாளைக்கு எத்தனை ஜிபி என்று வந்துவிடும். 4 எம்பிபிஎஸ் என்றால் 43.2 ஜிபி. அண்ணனிடம் நான்கு கேமரா, 2 டிபி டிஸ்க். ஒரு மாதம் இருக்கும் என்று சொல்லி மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். கணக்குப்படி பதினொன்றரை நாள்.

பிட்ரேட்டை நிலையாக வைக்கும் முறை சிபிஆர். தேவைக்கேற்ப ஏறி இறங்கும் முறை விபிஆர். விபிஆரில் இரவைக் கவனிக்க வேண்டும். வெளிச்சம் குறைந்தால் கேமரா சமிக்ஞையைப் பெருக்கும், படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் துடிக்கும். நமக்கு அது வெறும் இரைச்சல், சுருக்கிக்கு அது இடைவிடாத அசைவு. யாருமே நடமாடாத நள்ளிரவில் பிட்ரேட் பகலைவிட ஏறுவது இதனால்தான். வாசலில் ஒரு சின்ன எல்ஈடி விளக்கு எரிந்தால் டிஸ்க்கும் மிச்சம், முகமும் தெளிவு.

இந்த நாள் கணக்கு சில இடங்களில் மனித உயிர் பற்றிய கணக்கு. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் சித்திரவதைக்கு ஆளாகி ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் இறந்தார்கள். விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு அனுப்பிய அறிக்கையில் ஒரு விஷயத்தைக் குறிப்பிட்டார்: அங்கே 1 டிபி ஹார்டு டிஸ்க் இருந்தது, இருந்தும் பதிவுகள் அன்றன்றைக்குத் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்தது. மேலே சொன்ன பெருக்கலைப் போட்டுப் பாருங்கள். 4 எம்பிபிஎஸ் வீதம் 1 டிபி ஒரே நாளில் நிரம்ப வேண்டுமானால் 23 கேமராக்கள் ஓயாமல் ஓட வேண்டும்.

அதே ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி, பஞ்சாபிலிருந்து வந்த ஒரு வழக்கில், நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களிலும் இரவிலும் பார்க்கக்கூடிய, ஒலியும் பதிவாகும் கேமராக்கள் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பதிவு 18 மாதம் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட கருவி கிடைக்காவிட்டால் குறைந்தது ஓராண்டு. 18 மாதம் என்பது சுமார் 548 நாள். ஒரு கேமரா 4 எம்பிபிஎஸ் என்றால் 23.7 டிபி. ஹெச்.265இல் 1.5 எம்பிபிஎஸ்ஸுக்கு இறக்கினால் 8.9 டிபி. பத்து கேமரா என்று வைத்தால் 237 டிபிக்கும் 89 டிபிக்கும் உள்ள வித்தியாசம். பணம் இல்லை, இடம் இல்லை என்று ஒரு அலுவலகம் சொல்லும்போது, எந்த பிட்ரேட்டில் கணக்குப் போட்டீர்கள் என்று திரும்பக் கேட்க எவருக்கும் இந்த ஒரு பெருக்கல் போதும்.

அண்ணன் கடையில் அன்று மாலை கேபிள் இழுத்தோம். வாசலிலிருந்து ரெக்கார்டருக்கு 22 மீட்டர். எல்லாக் கேமராவும் ஹெச்.265, நொடிக்கு 15 ஃபிரேம், ஐ ஃபிரேம் இன்டர்வல் 30, டிரான்ஸ்போர்ட் டிசிபி. முகம் விழ வேண்டிய வாசல் கேமராவுக்கு 3 எம்பிபிஎஸ்; அரிசி மூட்டை, குடோன், பின்வாசல் மூன்றுக்கும் ஆளுக்கு 1. மொத்தம் 6, ஒரு நாளைக்கு 64.8 ஜிபி. ரெக்கார்டரின் கடிகாரம் 9 நிமிடம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. அதை இணைய நேரத்தோடு இணைத்தோம்; ஸ்டேஷனில் முதலில் கேட்பது மணியைத்தான்.

ஒரு மாதம் கழித்து அவரிடமிருந்து போன். “தம்பி, பழைய பதிவு எது வரைக்கும் இருக்குன்னு பார்த்தேன். முப்பது நாள் காட்டுது.”